தண்ணி நண்டு வாங்கிக் கொழுக்க வைத்து சிங்கப்பூருக்கு: நட்டம் எங்கே வரும்?

கிள்ளைக்காரன்:

வணக்கம். பிச்சாவரத்தை ஒட்டி, கிள்ளைப் பக்கம் அரை ஏக்கர் பழைய இறால் குட்டை ஒன்று குத்தகைக்கு வருகிறது. மதகு இருக்கிறது. ஏற்றத்தில் உப்பங்கழி நீர் தானாக உள்ளே வரும், வற்றத்தில் இறங்கும். நடுவில் ஆழம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கரண்ட் உண்டு, ஏரேட்டர் கிடையாது.

இதில் சேற்று நண்டு கொழுக்க வைத்தல் செய்யலாமா என்று பார்க்கிறேன். குஞ்சு விட்டு வளர்க்க இப்போதைக்கு யோசனை இல்லை. தண்ணி நண்டை (ஓடு கழற்றி, இன்னும் சதை ஏறாத நண்டை) வாங்கி, ஒரு மாதம் தீனி போட்டு, முழு நண்டாக ஏற்றுமதி கம்பெனிக்குக் கொடுப்பதுதான் திட்டம்.

அரை ஏக்கருக்கு எத்தனை நண்டு விடலாம், தீனி எவ்வளவு, வாங்கும்போது தண்ணி நண்டையும் சாகப்போகிற நண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இலங்கையில் மன்னார் பக்கம் தண்ணி நண்டு மலிவு என்று ஒருவர் சொல்கிறார். அங்கிருந்து கடல் வழியாகக் கொண்டுவர வழி உண்டா? சிங்கப்பூருக்கு நாமே நேரடியாக அனுப்ப முடியுமா, அல்லது ஏஜென்ட்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குட்டைக்கணக்கு:

கொழுக்க வைத்தலில் நண்டு வளராது. இதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஓடு கழற்றிய நண்டு, பெரிய புது ஓட்டுக்குள் தண்ணீரை நிரப்பி வைத்திருக்கும். அந்தத் தண்ணீர் இருந்த இடத்தில் சதை ஏற 20 முதல் 30 நாள் ஆகும். எடை பெரிதாக ஏறாது. தரம்தான் மாறும். லாபமெல்லாம் தண்ணி விலைக்கும் முழு விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. அதைத் தின்பது சாவு எண்ணிக்கை.

இனத்தைப் பார்த்து வாங்குங்கள். நம் கரையில் இரண்டு வரும். பெரியது செர்ராட்டா: கொடுக்கின் நடு மூட்டில் வெளிப்பக்கம் இரண்டு கூரிய முள் இருக்கும், எல்லாக் கால்களிலும் வலைப்பின்னல் கோலம் இருக்கும், கண்களுக்கு நடுவில் உள்ள நெற்றிப் பற்கள் உயர்ந்து கூராக நிற்கும். சின்னது ஒலிவேசியா: கொடுக்கு செம்பழுப்பாக வழவழவென்று இருக்கும், மூட்டு முள் மழுங்கியிருக்கும் அல்லது இருக்காது, கோலம் கிடையாது. பெரிய கிரேடு எடை செர்ராட்டாவில்தான் கிடைக்கும். ஒலிவேசியா வளை தோண்டுவதில் கெட்டிக்காரன். கரையைக் குடைந்து பக்கத்துக் குட்டைக்குப் போய்விடும்.

தண்ணி நண்டைப் பார்க்க, திருப்பிப் பிடித்து, வயிற்று மடலுக்கு இரு பக்கமும் கால்கள் தொடங்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கி மீண்டால் தண்ணி. கல் மாதிரி இருந்தால் முழு நண்டு, அதை வாங்கிக் குட்டையில் விடுவது வீண். ஓடு காகிதம் மாதிரி மடங்கினால் இப்போதுதான் கழற்றியிருக்கிறது, அதையும் வாங்காதீர்கள். பயணத்திலேயே போய்விடும். நமக்கு வேண்டியது ஓடு விறைத்து, ஆனால் அழுத்தினால் இணங்குகிற நண்டு. கொடுக்கின் பற்கள் தேயாமல் கூராக, ஓடு அழுக்கில்லாமல் பளிச்சென்று இருந்தால் அது புது ஓடு என்பதற்கு இன்னொரு அடையாளம்.

சாகப்போகிறதைப் பார்ப்பது இன்னும் முக்கியம். கண்ணைத் தொட்டால் சட்டென்று மடக்க வேண்டும். கால்கள் தொங்கக் கூடாது. வாயில் விடாமல் நுரை தள்ளினால் செவுள் அறையில் நீர் வற்றிக்கொண்டிருக்கிறது. மடலைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே பை மாதிரி ஒட்டுண்ணி தொங்கினால் ஒதுக்குங்கள். கூடைக்கு ஒன்றிரண்டை உடைத்துச் செவுளையும் பார்க்கலாம். காம்போடு சின்னச் சின்னக் கொட்டலசு மாதிரி அடர்ந்து ஒட்டியிருந்தால் அந்தச் சரக்கு குட்டையில் பிழைத்தாலும் விமானத்தில் தாங்காது. கால் மூட்டுகளில் வெட்டு, ஓட்டில் துளை இருப்பதை எந்த விலைக்கும் வேண்டாம்.

அடர்த்தி: ஒரு சதுர மீட்டருக்கு ஒன்று. மூன்று வரை விடலாம் என்று சிலர் எழுதுவார்கள். அது தினமும் நீர் மாற்றி, மறைவிடம் போட்டு, அளவு பிரித்து விட்ட சின்னத் தடுப்புகளுக்கு. அரை ஏக்கர் என்பது ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். முழுதும் ஒன்று வீதம் விட்டால் 2,000 நண்டு, அரைக் கிலோ சராசரி என்றால் ஒரு டன். முதல் சுற்றிலேயே ஒரு டன் வாங்காதீர்கள். ஒரு டன் ஒரே நாளில் வராது, பத்து நாளாக வரும். முதல் நாள் விட்டது இறுகியிருக்கும்போது பத்தாம் நாள் விட்டது மென்மையாக இருக்கும், இறுகியது மென்மையானதைத் தின்னும். குட்டையை வலையால் நான்காகத் தடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாளில் நிரப்பி மூடுங்கள். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரே அளவு நண்டு. முடிந்தால் ஆண் தனி, பெண் தனி.

மறைவிடத்துக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், பழைய டயர், உடைந்த பானை, பனை மட்டை எது கிடைத்தாலும் போதும். நண்டு எண்ணிக்கையில் பாதியாவது இருக்கட்டும்.

வேலி: வலை நீர் மட்டத்துக்கு மேல் குறைந்தது அரை மீட்டர், அதன் மேல்விளிம்பில் உட்பக்கமாக 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் தாள். நண்டு வலையில் ஏறும், தாளில் வழுக்கும். மூலையில் தாள் சுருங்கி மடிந்தால் அதுவே ஏணி. வலையின் அடிப்பகுதியை அரை மீட்டர் சேற்றுக்குள் இறக்குங்கள். ஆட்கள் மேலே கவனமாகக் கட்டிவிட்டுக் கீழே விட்டுவிடுவார்கள். மதகுக்கு இரண்டு அடுக்கு வலை.

நண்டை விடும்போது கயிற்றை அவிழ்த்துத்தான் விட வேண்டும். கட்டோடு விட்டால் தின்னாது. சாயங்காலம், நிழலில், குட்டை நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து அரை மணி கழித்து, கரையோரம் வைத்தால் அதுவே இறங்கிப் போகட்டும். இறங்காமல் கரையிலேயே நிற்பதை எடுத்துவிடுங்கள், அது காலையில் மிதக்கும்.

தீனி சங்காயம் (வலையில் சேரும் மலிவான பொடி மீன்), அறுத்த மீன் கழிவு, மட்டிச் சதை. உடல் எடையில் முதல் வாரம் 8 முதல் 10 சதவீதம், பிறகு 5 வரை குறைக்கலாம். 100 கிலோ நண்டுக்கு நாளொன்றுக்கு 8 கிலோ. நண்டு இரவில் மேய்வது. ஆகவே பங்கில் 40 காலையில், 60 பொழுது சாய்ந்த பிறகு. செக் டிரே (தீனி மிச்சம் பார்க்கும் தட்டு) நாலு மூலையிலும் வையுங்கள். மூன்று மணி நேரம் கழித்து மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். ஒன்றும் மிச்சமில்லாமல், டிரேயில் உடைந்த கால்களும் கிடந்தால் பசி, கூட்டுங்கள்.

நீர்: உப்பு 10 முதல் 30 பிபிடி (ஆயிரத்தில் பங்கு), பிஎச் 7.5 முதல் 8.5, வெப்பம் 25 முதல் 32 டிகிரி, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல். ஏற்றம் வற்றம் நன்றாக இருந்தால் ஏரேட்டர் இல்லாமல் ஓட்டலாம். சிற்றேற்ற நாட்களில் நீர் ஏறாது, அந்த நான்கைந்து நாளுக்கு ஒரு பம்பு கையில் இருக்கட்டும்.

20ஆம் நாள் ஒரு பத்து நண்டைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். இறுகியதை உடனே எடுங்கள். எல்லாம் சேர்ந்து இறுகட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வெள்ளாறு:

மேலே சொன்னதில் அடர்த்தி, தீனி எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் "பழைய இறால் குட்டை" என்று எழுதியிருக்கிறார். அதை யாரும் தொடவில்லை.

சேற்று நண்டு வெண்புள்ளி வைரஸைத் தாங்கும். பல நேரம் நோய்க்குறி எதுவும் இல்லாமல் உடம்பில் வைத்திருக்கும். நீங்கள் பல இடத்து நண்டை வாங்கிக் கொட்டும் குட்டையின் வடிநீர், பக்கத்து வன்னாமி இறால் குட்டை நீர் எடுக்கும் அதே வாய்க்காலில் இறங்கினால் தகராறு நிச்சயம். இறால் பண்ணைக்காரர் கரை முழுக்க நண்டுத் தடுப்பு வலை கட்டுவதே இதனால்தான். வடிநீரை ஒரு தனிக் குழியில் நிறுத்திவிட்டு விட முடியுமா என்று குத்தகைக்கு முன்பே பாருங்கள். முடியாதென்றால் அந்தக் குட்டை வேண்டாம்.

அடுத்தது மண். அலையாத்திக் காட்டை ஒட்டிய மண்ணில் கந்தகம் உண்டு. இறால் குட்டையைக் காயவிடுவது போல வெடிப்பு விழும்வரை காயவிட்டால் அது காற்றுப் பட்டு அமிலமாக மாறும், பிறகு முதல் மழையில் கரையிலிருந்து சிவந்த நீர் வடிந்து பிஎச் ஒரே இரவில் சரியும். நண்டுச் செவுள் பழுப்பாகி, தீனி எடுக்காமல் நிற்கும். இந்த மண்ணில் தண்ணீரை வடித்து, மேல் கருஞ்சேற்றை வழித்து அப்புறப்படுத்தி, ஈரம் முழுதும் போகுமுன் சுண்ணாம்பு போட வேண்டும். அரை ஏக்கருக்கு 100 முதல் 200 கிலோ, மண் பிஎச் பார்த்து. கரையின் உட்சரிவிலும் தூவுங்கள்.

வடகிழக்குப் பருவமழை இதைவிடப் பெரிய கண்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் நன்னீர் இறங்கும். நண்டு குறைந்த உப்பைத் தாங்கும். ஆனால் உப்பு சட்டென்று இறங்கினால் ஓடு கழற்றத் தூண்டும். நெருக்கமாக விட்ட குட்டையில் ஓடு கழற்றிய நண்டு விடிவதற்குள் எலும்பில்லாக் கறி. மழைக்காலத்தில் மேல்நீரை வடிக்கும்படி மதகுப் பலகையை அமையுங்கள். நன்னீர் மேலே நிற்கும், உப்பு கீழே நிற்கும். அடிப்பலகையைத் தூக்கினால் நல்ல நீரை வெளியே விட்டு நன்னீரை உள்ளே வைத்துக்கொள்வீர்கள்.

அனுமதி: கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு வேண்டும். 2005 சட்டம் ஏற்றக்கோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் வரை செல்லும், உப்பங்கழி, கழிமுகம் எல்லாம் அதில் அடக்கம். பழைய குத்தகைக்காரர் இறாலுக்கு எடுத்த பதிவு உங்களுக்கு அப்படியே ஆகாது. உப்பங்கழிக்குள் கூண்டு கட்டுவதென்றால் பிச்சாவரம் காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கழி கூட ஊன்றாதீர்கள். பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் அறிவித்திருந்தார்கள். இப்போதும் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். செலவழித்துவிட்டுப் போய் நிற்காமல் முன்பே கேளுங்கள்.

மன்னார்க்களப்பு:

மன்னாரிலயிருந்து கடலால கொண்டுவரலாமோ என்ற கேள்விக்கு மறுமொழி: ஏலாது. உயிர் நண்டை நாட்டுக்குள் எடுக்க இந்தியப் பக்கம் இறக்குமதி அனுமதி, சுகாதாரச் சான்றிதழ், தனிமைப்படுத்தல் எல்லாம் வேணும். இங்கயிருந்து வெளியில விட ஏற்றுமதிப் பத்திரம் வேணும். படகில ஏத்தினால் அது கடத்தல்தான், இரண்டு கடற்படையும் அந்த நீரிணையில நிக்குது. வியாபாரக் கணக்கிலயும் சரிவராது. தண்ணி நண்டு பயணத்துக்கு மிகப் பலவீனமானது. பிடிபட்டு 24 மணித்தியாலத்துக்குள் குட்டையில இறங்காவிட்டால் மலிவு விலையெல்லாம் சாவில போய்விடும்.

இங்க வியாபாரம் எப்படி ஓடுது என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும். வடக்கில இரண்டு நண்டு வியாபாரம் இருக்கு, இரண்டையும் குழப்பக்கூடாது. யாழ்ப்பாணம், பூநகரி, மன்னார்க் கரையில வலையில படுறது நீல நண்டு. அது தண்ணியை விட்டு எடுத்தால் கொஞ்ச நேரத்தில செத்துப்போகும், ஆகவே அவிச்சு, சதை பிரிச்சு, தகரத்தில அடைச்சு, பாஸ்டரைஸ் பண்ணி வெளிநாட்டுக்குப் போகுது. களப்புகளில கிடைக்கிற சேற்று நண்டு உயிரோட கட்டுநாயக்கா விமான நிலையத்தால சிங்கப்பூருக்குப் போகுது. புத்தளம், நீர்கொழும்பு, மட்டக்களப்பு, மன்னார் எல்லாப் பக்கத்தாலயும் சேர்த்துக் கொழும்புக் கம்பெனிகள் எடுக்கும். சிங்கப்பூர்ச் சாப்பாட்டுக் கடைகளில "ஸ்ரீலங்கா கிராப்" என்று தனிப் பேர் எழுதி விக்கிறது இதைத்தான். இன்னொரு கடலில பிடிச்ச நண்டுக்கு அந்தப் பேர் போட்டால் வாங்குறவன் அழுத்திப் பார்த்தே கண்டுபிடிப்பான். நீங்கள் இந்தியா என்றே விக்க வேணும், விலை இறுக்கத்தையும் அளவையும் வைச்சு வரும்.

இங்க கொழுக்க வைக்கிற ஆக்கள் குட்டையைவிட தனித்தனிப் பெட்டியைத்தான் விரும்பினம். துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி, ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம். பெரிய நண்டுக்கு இன்னும் பெரிசு. ஒரு பெட்டிக்கு ஒரு நண்டு, பிவிசி குழாய்ச் சட்டத்தில மிதக்க விடுறது. ஒன்றை ஒன்று தின்னாது, எது தீனி எடுக்குது எது எடுக்கேல்லை என்று கண்ணுக்குத் தெரியும், பிடிக்க வலை வேண்டாம், கொடுக்கு உடையாது. கஷ்டம் என்னவென்றால் ஒவ்வொரு பெட்டியும் திறந்து மிச்சத் தீனியை எடுக்க ஆள் வேணும். துளைகளில பாசி அடைச்சால் உள்ளுக்கு மூச்சு முட்டும், கிழமைக்கு ஒருக்கால் தேய்க்க வேணும். முதல் 200 நண்டுக்குப் பெட்டி போட்டுப் பாருங்கோ. இங்க களப்பில பெட்டி போடவும் நக்டாவின் (இலங்கையின் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபை) உரிமம் தேவை. உங்கட பக்கத்தில மேலே வெள்ளாறு சொன்ன பதிவு.

கட்டுறதும் அடைக்கிறதும்தான் கனபேர் கோட்டை விடுற இடம். பிடிக்க முதல் நாள் தீனி போடாதேங்கோ, குடல் வெறுமையாக இருந்தால் பெட்டி நாறாது. கட்டும்போது கொடுக்கு இரண்டையும் மடக்கி உடம்போடு சேர்த்து, ஒரு காலால் மெல்ல அமத்தி, கயிற்றை முதல் உடம்புக்கும் கொடுக்குக்கும் நடுவால ஓட்டி, பிறகு இரண்டு கொடுக்கையும் சுற்றி, முதுகுக்குப் பின்னால முடிச்சு. இழுத்து இறுக்கினால் நண்டு தானே கொடுக்கை உதறி விடும், கொடுக்கு இல்லாத நண்டு அடுத்த கிரேட். கட்டினதைக் கழுவுறதுக்கு வளர்ந்த நீரின் உப்பே இருக்க வேணும். குழாய்த் தண்ணியில கழுவினால் அப்ப ஒன்றும் தெரியாது, அடுத்த நாள் கால் தொங்கும்.

அடுக்கேக்க வயிறு கீழே, கண் பக்கம் கொஞ்சம் உயர. செவுளுக்குள்ள இருக்கிற நீர் வடியாமல் நிக்கும். ஈரச் சாக்கு மேலே. சாக்கு சொட்டக் கூடாது, ஈரம் இருந்தால் போதும். காற்று நேராக அடிச்சால் செவுள் காயும், காற்றே இல்லாட்டில் அவிஞ்சு போகும். துளை போட்ட பெட்டி அதற்குத்தான். 18 முதல் 22 டிகிரிக்குள் வைக்க வேணும். பனிக்கட்டியை நண்டில நேராகப் போடாதேங்கோ. இப்படி அடைச்ச நல்ல நண்டு ஐந்தாறு நாள் உயிரோட நிக்கும்.

கிள்ளைக்காரன்:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. மன்னார் யோசனையைக் கைவிட்டேன். பெட்டி முறையும் குட்டையும் சேர்த்தே வைக்கலாம் போலிருக்கிறது.

இரண்டு சந்தேகம். எத்தனை சதவீதம் செத்தால் நட்டம் தொடங்கும்? அப்புறம், கம்பெனியிடம் என்ன பேசிக்கொள்ள வேண்டும்? இங்கே வரும் ஏஜென்ட் "சிங்கப்பூர் எடைதான் கணக்கு" என்கிறார்.

ஷெட்_எடை:

ரூபாயில் சொன்னால் அடுத்த வாரமே பழசாகிவிடும், விகிதத்தில் போடுகிறேன். தண்ணி நண்டு கிலோ விலையை 100 என்று வையுங்கள். 100 கிலோ வாங்கினால் 10,000. நாளுக்கு 8 கிலோ சங்காயம், 25 நாளுக்கு 200 கிலோ. சங்காயம் கிலோ விலை 15 (நண்டு விலையில் 15 சதவீதம்) என்றால் 3,000. மொத்தம் 13,000. குத்தகை, கூலி, வலைத் தேய்மானம் இதில் இல்லை.

80 கிலோ உயிரோடு வந்தால் கிலோவுக்கு அடக்கம் 162. அறுபதுதான் வந்தால் 217. (நண்டு சாகச் சாகத் தீனியும் குறையும் என்பதால் உண்மையில் கொஞ்சம் இறங்கும், பெரிய வித்தியாசம் வராது.) முழு நண்டு தண்ணி விலைக்கு இரு மடங்கு, அதாவது 200 போகிற சந்தையில் 80 கிலோவில் கிலோவுக்கு 38 மிச்சம். அறுபதில் கைக்காசு போகும். இந்தக் கணக்கில் 65 கிலோ தேறுவது எல்லைக்கோடு. கூலியையும் குத்தகையையும் சேர்த்தால் கோடு 75 பக்கம் ஏறிவிடும். இரு மடங்கு வித்தியாசம் இல்லாத மாதத்தில் குட்டையைச் சும்மா போட்டு வைப்பதே லாபம்.

இதிலும் 80 கிலோவும் முதல் தரமாக இருக்காது. ஒற்றைக் கொடுக்கு, இறுகாதது, ஓட்டில் கறுப்புப் புள்ளி என்று ஒரு பங்கு உள்ளூர்ச் சந்தைக்கு இறங்கும். அந்த நண்டை ஏஜென்ட் ஷெட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், திருப்பிக் கேளுங்கள். திரும்பி வராத கழிவுதான் சில ஷெட்டுகளுக்கு மேல்வருமானம்.

ஏஜென்ட் விஷயம். "சிங்கப்பூர் எடை" என்றால் விமானத்தில் வற்றும் நீர், வழியில் சாவது, அங்கே கிரேடு இறக்குவது மூன்றும் உங்கள் தலையில். வடிதல் ஒன்றே சில சதவீதம் வரும். எடை உங்கள் கண்முன், ஷெட்டில், தரம் பிரித்த பிறகு, கயிற்றோடு என்று பேசுங்கள். கயிறு எவ்வளவு கழிப்பு என்பதையும் முன்பே பேசி முடியுங்கள். தடித்த கயிற்றை நனைத்துக் கட்டி எடை ஏற்றும் வித்தை வாங்குபவர்களுக்கு எப்போதோ தெரியும், அதற்கென்றே கூடுதலாகக் கழிப்பார்கள். மெல்லிய கயிறு கட்டுபவருக்கும் அதே கழிப்பு விழுவதுதான் கொடுமை. சாவுக் கழிவை ஏற்றாக வேண்டும் என்றால் ஒரு உச்சவரம்பு வையுங்கள், செத்ததற்குப் படம் கேளுங்கள்.

கிரேடு எடை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எக்ஸ்எல் என்பது ஒருவருக்கு 750 கிராம், இன்னொருவருக்கு ஒரு கிலோ. நண்டு வாங்குமுன் அந்த அட்டவணையை எழுதி வாங்கி, அதற்கேற்ப வாங்குங்கள். 480 கிராம் நண்டும் 510 கிராம் நண்டும் குட்டையில் தின்பது ஒன்றுதான், விற்கும்போது வேறு வேறு.

நேரடி ஏற்றுமதி சட்டப்படி முடியும். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண், எம்பெடாவில் (கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம்) ஏற்றுமதியாளர் பதிவு, சரக்கைக் கையாளும் இடத்துக்கான ஒப்புதல், அனுப்பும் ஒவ்வொரு முறையும் பத்திரங்கள் வேண்டும். அந்தப் பக்கம் வாங்குபவர் சிங்கப்பூர் உணவு முகமையின் உரிமம் வைத்து, ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதி எடுக்க வேண்டும். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நேர் விமானம் உண்டு. ஆனால் மாதம் ஓரிரு முறை 200, 300 கிலோ அனுப்புபவருக்குச் சரக்கு இடமும் கிடைக்காது, வாங்குபவரும் மதிக்க மாட்டார். வாரம் தவறாமல் அனுப்ப முடிகிற வரை ஏஜென்ட்தான்.

காலக் கணக்கு: சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும். அதற்கு முந்தின பத்துப் பன்னிரண்டு நாள்தான் விலையின் உச்சி. புத்தாண்டுக்கு 40 நாள் முன் குட்டையில் விட்டிருக்க வேண்டும். அது டிசம்பர் நடுவுக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில், மழை வெள்ளத்தின் வால். வெள்ளாறு சொன்ன மேல்நீர் வடிப்பு அப்போதுதான் உங்களைக் காப்பாற்றும். உள்சினை நிறைந்த பெண்ணுக்கு அந்த நாட்களில் தனி விலை உண்டு. முதுகோட்டுக்கும் மடலுக்கும் இடையில் உள்ள இடுக்கை வெளிச்சத்தில் பாருங்கள், செம்மஞ்சள் தெரிந்தால் சினை. ஆனால் முட்டை வெளியே வந்து மடலில் ஒட்டியிருக்கும் பெண்ணை வாங்காதீர்கள். அதைக் கழியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

குட்டைக்கணக்கு:

ஒரே வாங்குபவரை நம்புவதில் உள்ள ஆபத்துக்கு வங்காளதேசத்தைப் பாருங்கள். சாத்கீரா, குல்னா, பாகேர்ஹாட் மாவட்டங்களில் கொழுக்க வைத்த நண்டு பெரும்பாலும் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2020 ஜனவரியில் கொரோனாவால் சீனா வாங்குவதை நிறுத்தியபோது குட்டைகளில் புத்தாண்டுச் சரக்கு இறுகி நின்றது. இறுகிய நண்டை வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு நாளும் தீனி, ஒவ்வொரு நாளும் சண்டை, அடுத்த ஓடு கழற்றல் வேறு. மீன் மாதிரி பனிக்கட்டியில் போட்டு விற்கவும் முடியாது, செத்த நண்டுக்கு விலை கிடையாது. உள்ளூர் ஹோட்டல், சென்னைச் சந்தை என்று இரண்டாவது வாசல் ஒன்றை முதல் சுற்றிலேயே திறந்து வையுங்கள்.

அதே மாவட்டங்களில் மென்னோட்டு நண்டுக்கும் பெட்டிப் பண்ணை உண்டு. பெட்டியைப் பார்த்துவிட்டு அதையும் செய்யலாமே என்று தோன்றும். வேலை வேறு. அங்கே ஓடு கழற்றுவதற்காகவே சின்ன நண்டை வைத்திருப்பார்கள், இரவும் பகலும் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் பார்க்க வேண்டும். பார்க்கத் தவறினால் ஓடு விறைத்துவிடும், பிறகு அது மென்னோடும் இல்லை, முழு நண்டும் இல்லை. உறைய வைக்கும் ஆலை பக்கத்தில் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். சுந்தரவனத்தில் இனப்பெருக்கக் காலம் என்று ஜனவரி, பிப்ரவரியில் நண்டு பிடிக்கத் தடை இருப்பதால், விலை ஏறும் நாட்களில் அவர்களுக்குக் காட்டு நண்டு வராது. உங்கள் ஏஜென்ட் ஜனவரியில் திடீரென்று அன்பாகப் பேசினால் அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

குஞ்சு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தண்ணி நண்டு வரத்து நின்றால் கேட்பீர்கள். சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் தொடுவாயில் சேற்று நண்டுக் குஞ்சுப் பொரிப்பகம் நடத்துகிறது. உங்களுக்குக் கொள்ளிடம் தாண்டினால் ஊர். குஞ்சை ஹாப்பா வலையில் (நுண்கண் வலைக் கூண்டு) 30 முதல் 45 நாள் வைத்து, இரண்டரை மூன்று சென்டிமீட்டர் ஆனபின் குட்டையில் விட்டு, ஐந்தாறு மாதம் வளர்க்க வேண்டும். பாதி தேறினால் நல்ல அறுவடை. குஞ்சுக்கு முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டிவரும்.

மன்னார்க்களப்பு:

ஒன்று விட்டுப்போச்சு. அமாவாசை, பறுவத்தை (பௌர்ணமியை) ஒட்டின நாட்களில தண்ணி நண்டு கூட வரும், விலை இறங்கும். அந்த நாலு நாளில ஒரு தடுப்பை நிரப்புற மாதிரி திட்டம் போட்டால் நண்டெல்லாம் ஏறக்குறைய ஒரே நிலையில இருக்கும். குட்டைக்கணக்கு சொன்ன "இறுகினது மென்மையைத் தின்னுற" பிரச்சினை பாதி குறையும். விக்கும்போது அதே நாட்களைத் தவிருங்கோ, ஏஜென்ட் ஒவ்வொரு நண்டையும் இரண்டு தரம் அழுத்துவான்.

கிள்ளைக்காரன்:

சரி. குத்தகை பேசுமுன் வடிநீர்க் குழிக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுகிறேன். 150 பெட்டி, ஒரு தடுப்பு மட்டும் 300 நண்டு என்று தொடங்கலாம் என்றிருக்கிறேன். பெட்டி ஓரத்தில் துளை எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும்?

மன்னார்க்களப்பு:

கொழுக்க வைக்கிற அளவு நண்டுக்கு நுனிக்கால் வெளியில போய் மாட்டாத அளவு, 8 முதல் 10 மில்லிமீட்டர். மூடியில மட்டும் ஒரு பெரிய துளை வையுங்கோ, தீனி போடத் திறக்கத் தேவையில்லை.